ஸ்டெம் செல் மாற்று முடிந்த பிறகு வந்த சிக்கல்கள்: எங்கள் வீட்டில் நடந்தது, உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தம்பிக்குச் செல் கொடுத்த அக்கா

தம்பிக்கு 24 வயதில் ஏ.எம்.எல். வந்தது, லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம். ஈறில் ரத்தம் கசிகிறது என்று பல் டாக்டரிடம் போனான். அவர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அன்று இரவே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். முதல் கீமோவில் நோய் அடங்கியது. ஆனால் மரபணு அறிக்கையில் எஃப்.எல்.டி.3 மாற்றம் இருந்தது. வெறும் கீமோவோடு விட்டால் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம், அடங்கியிருக்கும்போதே ஸ்டெம் செல் மாற்று செய்துவிடலாம் என்றார் டாக்டர்.

கூடப் பிறந்தவர் ஒருவருக்குத் திசு வகை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். அண்ணனுக்குப் பொருந்தவில்லை. எனக்குப் பொருந்தியது. ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார்.

கொடுப்பவருக்கு என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஐந்து நாள் ஊசி போடுவார்கள். எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு இறங்கி வருவதற்காக அது. மூன்றாம் நாளிலிருந்து இடுப்பிலும் நெஞ்செலும்பிலும் வலி, பல்வலி எலும்புக்குள் இறங்கிவிட்ட மாதிரி. பாராசிட்டமால் போட்டால் தாங்கலாம். ஐந்தாம் நாள் ஒரு கையிலிருந்து ரத்தம் எடுத்து, மெஷினில் செல்லைப் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கையில் ஏற்றினார்கள். நாலு மணி நேரம் ஆனது. நடுவில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து உடம்பின் கால்சியத்தை இழுத்துக்கொள்ளுமாம். சொன்னவுடன் கால்சியம் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. அடுத்த வாரம் நான் வேலைக்குப் போய்விட்டேன்.

அந்த ஒரு வாரமும் தம்பிக்கு பியூசல்ஃபான், அப்புறம் சைக்ளோபாஸ்பமைடு. பழைய மஜ்ஜையை மொத்தமாகத் துடைத்துவிடுகிற மருந்துகள். என் செல்லை ஏற்றிய நாள்தான் பூஜ்ய நாள். பெரிதாக என்னவோ நடக்கப்போகிறது என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் நின்றோம். தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு பை, ரத்தம் ஏற்றுவதுபோல் குழாய் வழியாக இறங்கியது, முடிந்தது. அவன் பாதியிலேயே தூங்கிவிட்டான்.

அப்புறம் வாய்ப்புண். எச்சில் விழுங்க முடியாமல் ஒரு கிண்ணத்தில் துப்பிக்கொண்டே இருந்தான். வலிக்கு மார்ஃபின் ஓடியது. 15ஆம் நாள் நியூட்ரோஃபில், அதாவது கிருமியை எதிர்க்கும் வெள்ளணு, தொடர்ந்து மூன்றாம் நாளாக 500ஐத் தாண்டியது. 'அக்கா வீடு பிடித்துவிட்டாள்' என்று சிஸ்டர் வந்து சொன்னார். என் செல் அவன் எலும்புக்குள் குடியேறிவிட்டதைத்தான் அப்படிச் சொன்னார். 24ஆம் நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே எடுத்திருந்த வாடகை வீட்டுக்கு வந்தோம்.

இனி சொல்லப்போவதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன்.

28ஆம் நாள் உள்ளங்கை அரிக்கிறது என்றான். காதுமடலும் உள்ளங்காலும் சிவந்திருந்தன. வெயிலாக இருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். 31ஆம் நாள் அவனுக்கு வயிறு இளகியிருக்கிறது. மூன்று முறை போயிருக்கிறான். திரும்ப அட்மிட் செய்துவிடுவார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் மறைத்தான். மூன்றாம் நாள் விடியற்காலை ஒன்பதாவது முறை போய்விட்டு, பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான் எல்லாவற்றையும் சொன்னான். பச்சையாக, தண்ணீர் தண்ணீராகப் போயிருந்தது.

வார்டில் போவதையெல்லாம் ஒரு ஜாடியில் பிடித்து அளந்தார்கள். முதல் நாள் 1,300 மில்லி. குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து, ஜி.வி.எச்.டி. என்றார்கள். கொடையாகப் போன செல்கள், தாங்கள் வந்து சேர்ந்த உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தாக்குவது. தோல், குடல், கல்லீரல், இந்த மூன்றையும்தான் அது முதலில் பிடிக்கும்.

என் செல். நான் கொடுத்தது. அதுதான் அவன் குடலை உரித்துக்கொண்டிருந்தது. அந்த ராத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுததை அம்மா கூடப் பார்க்கவில்லை. மறுநாள் டாக்டரிடம் கேட்டே விட்டேன், என் செல்லை ஏன் இப்படி அனுப்பினீர்கள் என்று. அவர் பொறுமையாகச் சொன்னார்: மிச்சம் மீதி ஒளிந்திருக்கும் லுகேமியா செல்லைத் தேடிக் கொல்வதும் இதே செல்கள்தாம்மா. அந்தக் கோபம் கொஞ்சம் வேண்டும். அளவு மீறாமல் பிடித்துவைப்பதுதான் எங்கள் வேலை. கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பதிலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் அடங்கவில்லை. ருக்ஸோலிட்டினிப் என்ற மருந்தையும் சேர்த்தார்கள். அதற்குள் சி.எம்.வி. வைரஸ் தலைதூக்கியது. அதற்குக் கொடுத்த கான்சிக்ளோவிர் மருந்து ஏறிவந்த ரத்த அணு கவுண்ட்டை மறுபடி இறக்கியது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. மொத்தம் 52 நாள் உள்ளே இருந்தோம். 14 கிலோ குறைந்தான். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியது, தொடைத் தசை கரைந்து, கழிப்பறை இருக்கையிலிருந்து தானாக எழுந்திருக்க முடியவில்லை. நான் முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டுவேன், அவன் பிடித்துக்கொண்டு எழுவான். 24 வயதுப் பையன், தலையைக் குனிந்துகொண்டே எழுவான்.

முதல் முறை ரசம் சாதம் மூன்று கரண்டி தங்கியது, 79ஆம் நாள். அந்தத் தேதியில் அம்மா இன்றும் கோயிலுக்குப் போகிறார்.

இப்போது இரண்டு வருடம் ஓடிவிட்டது. நோய் இல்லை. உள்ளங்கை அரித்த அன்றே போயிருந்தால் குடலுக்கு வராமலே இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மருந்தை அன்றே ஆரம்பித்திருப்போம் என்றார். அந்தத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை என்னால் மறக்க முடியவில்லை.

ஒன்பது வயதுப் பிள்ளையின் அம்மா

அக்கா, அந்த ஜாடி எங்களுக்கும் தெரியும், ஆனால் எங்களுக்கு அளந்தது சிறுநீர்.

என் மகனுக்கு ஏ.எல்.எல்., அதுவும் ரத்தப் புற்றுநோய்தான். கீமோ முடிந்து ஒரு வருடத்தில் திரும்பி வந்தது. கூடப் பிறந்தவர் இல்லை. சென்னையில் இருக்கும் தாத்ரி என்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டில் தேடச் சொன்னார்கள். பொருத்தமானவர் கிடைக்கவில்லை. அதனால் அவன் அப்பாவிடமிருந்து பாதிப் பொருத்தம். உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு, காலை ஒன்று மாலை ஒன்றாக மூன்று நாள். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதால், உள்ளே அவனுக்குக் கேட்கிற மாதிரி மைக்கில் நான் கதை சொன்னேன்.

செல் ஏறிய மறுநாளே 104 டிகிரி காய்ச்சல். பாதிப் பொருத்தத்தில் இது அடிக்கடி வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், இருந்தாலும் பதறிவிட்டேன். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தார்கள். தாக்கத் துடிக்கும் செல்களை அது அடக்குமாம். காய்ச்சலும் அதோடு இறங்கியது.

34ஆம் நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக வந்தது. சாயங்காலம் கட்டி கட்டியாக ரத்தம். பி.கே. வைரஸ் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கிவிட்டது. பெரிய குழாய் போட்டு இரவும் பகலும் உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கட்டி அடைத்துக்கொண்டால் சிஸ்டர் ஊசிக்குழலால் உறிஞ்சி எடுப்பார். 'அம்மா, மூச்சா வர வேண்டாம்னு சாமிகிட்ட சொல்லு' என்பான். அதைக் கேட்ட பிறகு எனக்கு எந்த வலியும் பெரிதாகத் தெரியவில்லை. 19 நாள் கழித்துத் தெளிந்த சிறுநீர் வந்தது. நானும் சிஸ்டரும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

இப்போது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். குழந்தைத் தடுப்பூசிகளை எல்லாம் முதலிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம். பழைய எதிர்ப்புச் சக்தி அழிந்துவிட்டதே.

மாற்று வார்டு செவிலியர்

இந்த வேலையில் பதினோரு வருடம். 1983இல் மும்பை டாடா மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தியாவில் இந்தச் சிகிச்சை தொடங்கியது என்று பயிற்சியில் படித்தோம். அன்று கையில் இருந்த மருந்துகளை நினைத்தால் இன்று எவ்வளவோ தேவலை.

காலையும் மாலையும் எதற்கு எடை பார்க்கிறீர்கள் என்று எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். காரணம் இருக்கிறது. கீமோவில் கல்லீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டால் உடம்பில் நீர் கோக்கும். எடை ஏறும், வலது விலாவுக்குக் கீழே வலிக்கும், அப்புறம்தான் கண் மஞ்சளாகும். ஒரு பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு கிலோ ஏறியது. பாவாடை நாடா இறுக்குகிறது சிஸ்டர் என்று அவர் சொன்னதுதான் எனக்கு முதல் தடயம். அந்த அடைப்புக்கான டெஃபிப்ரோடைடு மருந்தை அன்றே ஆரம்பித்தோம், பிழைத்தார். எல்லோரும் பிழைப்பதில்லை.

ஜி.வி.எச்.டி. வராமல் தடுக்க சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மாத்திரை போடுகிறவர்கள் ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் வாருங்கள். ரத்தம் எடுத்த பிறகு போடுங்கள். தயவுசெய்து பம்ப்ளிமாஸ் பழம் கொடுக்காதீர்கள். அது ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும், கை நடுங்கும், பிரஷர் ஏறும், வலிப்புகூட வரலாம். வீட்டுக் கட்டடத்தில் உடைப்பு வேலை நடந்தால் வேறு இடம் பாருங்கள். அந்தத் தூசியில் பூஞ்சை நுரையீரலுக்குப் போகும்.

ஆறு வருடம் கடந்தவன்

மாற்றுக்கு முன் என் ரத்த வகை ஓ பாசிட்டிவ். இப்போது பி பாசிட்டிவ், செல் கொடுத்த என் தங்கையுடையது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

நாள்பட்ட ஜி.வி.எச்.டி. பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான். எட்டாவது மாதம் கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்தல். அழுதால்கூடக் கண்ணீர் வராது. அப்பா இறந்தபோது வறண்ட கண்ணோடு நின்றேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. என் ரத்தத்திலிருந்தே தயாரித்த சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் இருக்கும், ஒரு நாளைக்கு ஆறு முறை. வாய் வறண்டு, மிளகாய் பட்டால் தீ. நாலு வருடமாக எனக்குத் தனியாகக் காரமில்லாத குழம்பு. வெயில் பட்டால் தோல் கிளம்பிவிடும், அதனால் குடையும் முழுக்கைச் சட்டையும்தான்.

இன்னொன்று, தம்பிகளுக்காக வெட்கப்படாமல் எழுதுகிறேன். கீமோ ஆரம்பிக்கும் முன் விந்தணுவைச் சேமித்து வைக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்றிருந்த அவசரத்தில் அவர்களுக்கு உயிர்தான் கண்ணில் பட்டது. ஆனால் கேட்டிருந்தால் இரண்டு நாள் கிடைத்திருக்கும். கேளுங்கள். பெண்களுக்குக் கூடுதல் நாள் தேவைப்படும், அவர்கள் இன்னும் முன்னாலேயே கேளுங்கள்.

மனைவியை இழந்தவர்

எங்களுக்கு ஜி.வி.எச்.டி. வரவே இல்லை. அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், எவ்வளவு சுகமாகப் போகிறது என்று. கொடையாளர் செல் 100 சதவீதம் என்றிருந்த அறிக்கை ஏழாவது மாதம் 91 என்று வந்தது. நோய் திரும்பிவிட்டது. மைத்துனரிடமிருந்து மறுபடி வெள்ளணுக்கள் எடுத்து ஏற்றினார்கள். அந்தத் தாக்குதலை அப்போது நாங்களே எதிர்பார்த்துக் காத்திருந்தோம், தோலில் ஒரு சிவப்பாவது வராதா என்று தினமும் அவள் கையைத் திருப்பிப் பார்ப்பேன். வரவில்லை. பத்தாவது மாதம் போய்விட்டாள்.

அந்த ஏழு மாதத்தில் மகளின் காதுகுத்தை அவள் முன்னால் நின்று நடத்தினாள். மாற்று செய்தது வீண் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

புதிதாக வந்தவர்

என் அண்ணனுக்கு வரும் திங்கட்கிழமை அட்மிஷன். நான்தான் கொடுக்கிறேன். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கை நடுங்குகிறது. வீட்டில் என்னவெல்லாம் வாங்கி வைக்க வேண்டும்?

தம்பிக்குச் செல் கொடுத்த அக்கா

தங்கச்சி, முதலில் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்.

ஒரு கோடு போட்ட நோட்டு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், எடை மெஷின், அளவு போட்ட பிளாஸ்டிக் ஜாடி, ரொம்ப மிருதுவான டூத் பிரஷ். வார்டின் ராத்திரி போன் நம்பரைப் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டிவிடு. தினமும் சாயங்காலம் அண்ணனின் உள்ளங்கை, உள்ளங்கால், காதுமடல் மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் பார். எத்தனை முறை பாத்ரூம் போனான் என்பதை அவனிடம் கேட்காதே, ஒன்றுமில்லை என்பான். நீயே எண்ணி நோட்டில் எழுது. 100.4 காய்ச்சல் வந்தால் நேரம் பார்க்காமல் போன் செய்.

ஊசி போடும் நாட்களில் தனியாக பஸ்ஸில் போகாதே, இடுப்பு வலிக்கும். செல் எடுக்கிற அன்று காலையில் இட்லியோ எதுவோ சாப்பிட்டுவிட்டுப் போ. மெஷினில் உட்காரும் முன் பாத்ரூம் போய்விட்டு வந்துவிடு, இரண்டு கையிலும் ஊசி இருக்கும், நடுவில் எழுந்திருக்க முடியாது. உதடு குறுகுறுத்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லிவிடு.

செவ்வாய்க்கிழமை ராத்திரி எழுது, எப்படி இருக்கிறான் என்று. காத்திருப்பேன்.