ஏற்காட்டில் குரோக்கஸ், டாஃபடில்: இலை வருகிறது, பூ வரவில்லை. என்ன செய்யலாம்?

நாகலூர்வாசி:
வீட்டை ஒட்டிக் கொஞ்சம் சில்வர் ஓக் நிழல் இருக்கிறது. அதன் அடியில் குளிர்காலத்தில் பூக்கும் சின்னக் கிழங்குப் பூக்கள் வைக்க ரொம்ப நாளாக ஆசை. ஆன்லைனில் ஸ்னோடிராப், குரோக்கஸ், டாஃபடில் கிழங்குகள் வரவழைத்து நவம்பர் தொடக்கத்தில் நட்டேன். ஸ்னோடிராப் முளைக்கவே இல்லை. தோண்டி எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் தோல் மட்டும் நசுங்குகிறது, உள்ளே பழுப்புத் தூள். குரோக்கஸ் இலை ஒல்லியாக நீண்டு சாய்ந்து கிடக்கிறது, பூ இல்லை. டாஃபடிலில் ஒரே ஒரு மொட்டு வந்தது. உறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சருகாகக் காய்ந்திருக்கிறது. செம்மண்ணும் இலைமக்கும் கலந்த மண். உரம் போதவில்லையா? குளிருக்கு இங்கே என்ன குறைச்சல், இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே நிற்க முடியவில்லை.

சேலத்து மாடித்தோட்டம்:
தினமும் காலையில் வேர்ப்பகுதியில் நாலு ஐஸ் கட்டி போட்டுப் பாருங்கள். யூடியூபில் பார்த்தேன்.

மஞ்சக்குட்டை தோட்டம்:
ஐஸ் கட்டி வேண்டாம். அரை மணி நேரத்தில் உருகிவிடும், மிஞ்சுவது ஈரம்தான். அந்த ஈரத்தில் கிழங்கு அழுகும்.

நாகலூர் தம்பி, உரத்தில் குறை இல்லை. நமக்கு ஸ்வெட்டர் போட வைக்கிற குளிர் இந்தக் கிழங்குகளுக்குப் போதாது. டிசம்பர், ஜனவரியில் இங்கே இரவில் 12, 13 டிகிரி வரை இறங்கும், பகலில் மறுபடி 20-ஐத் தாண்டிவிடும். குரோக்கஸுக்கும் டாஃபடிலுக்கும் 12 வாரத்துக்குக் குறையாமல், 9 டிகிரிக்குக் கீழே, விடாமல் குளிர் வேண்டும். டாஃபடில் கிழங்கு உங்கள் கைக்கு வரும்போதே பூ உள்ளே உருவாகியிருக்கும். அந்தத் தண்டு நீண்டு மேலே வரத்தான் குளிர் தேவை. அது கிடைக்காததால் மொட்டு பாதியில் நின்று காய்ந்திருக்கிறது.

ஸ்னோடிராப் கதை வேறு. அந்தக் கிழங்கு சின்னது, காற்றில் கிடந்தால் சீக்கிரம் வற்றிப் போகும். பிரிட்டனில் விவரம் தெரிந்தவர்கள் பூத்து முடிந்ததும் பச்சை இலையோடு பிடுங்கிய செடியாகவே வாங்கி நடுவார்கள். காயவைத்து உறையில் போட்டு வந்தது பெரும்பாலும் வரும்போதே செத்திருக்கும். திரும்ப அதற்குக் காசு போடாதீர்கள்.

இன்னொன்று, நிழல். அங்கே இவை வளர்வது ஓக், பீச் மரங்களின் அடியில். குளிர்காலம் முழுக்க அந்த மரங்கள் மொட்டையாக நிற்கும். தரையில் நல்ல வெளிச்சம் விழும், அந்த இடைவெளியில் இந்தச் செடிகள் பூத்து, இலை விட்டு, அடுத்த வருஷத்துக்குச் சத்து சேர்த்து வைத்துக்கொள்ளும். மரம் துளிர்த்து இருட்டும்போது இவை தூங்கப் போய்விடும், மர வேர்கள் தண்ணீரை உறிஞ்சுவதால் கிழங்கைச் சுற்றி மண்ணும் ஓரளவு காய்ந்திருக்கும். சில்வர் ஓக்குக்குப் பேரில்தான் ஓக், குணம் வேறு. குளிர்காலத்தில் மொட்டையாவதில்லை. அதனால்தான் உங்கள் குரோக்கஸ் வெளிச்சம் தேடி நீண்டு சாய்ந்திருக்கிறது. போதாததற்கு, கிழங்கு காய்ந்து தூங்க வேண்டிய ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் மலையில் மழை. நிலத்தில் விட்டால் அடுத்த வருஷம் ஒன்றும் தேறாது.

நாகலூர்வாசி:
ஓ, குளிர், நிழல், மழை மூன்றுமே எதிராக இருக்கிறதா. அப்படியென்றால் விட்டுவிட வேண்டியதுதானா அண்ணா?

மஞ்சக்குட்டை தோட்டம்:
ஒரு சீசன் பூ பார்க்கலாம். குரோக்கஸ், டாஃபடில் கிழங்குகளைச் செப்டம்பரில் வாங்கி, காகிதப் பையில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். டிசம்பர் பாதியில் எடுத்தால் வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும். பாதி ஆற்று மணல் கலந்த தொட்டியில் நட்டு, காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். மொட்டு நிறம் காட்டியதும் தொட்டியைத் தூக்கி மரத்தடியில் வைத்துக்கொள்ளலாம். பூத்து முடிந்தால் அவ்வளவுதான், அதை ஒரே வருஷத்தோடு முடிகிற செடி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி அக்கா:
குளிரே கேட்காத டாஃபடில் இனம் ஒன்று இருக்கிறது தம்பி, பேப்பர்ஒயிட் நார்சிசஸ். நட்டு ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். வாசனை சிலருக்குத் தலைவலி தரும், எனக்குப் பிடிக்கும்.

மரத்தடியிலேயே நிரந்தரமாக இருக்க வேண்டுமென்றால் யூகாரிஸ் வையுங்கள். அதுவும் கிழங்குதான், இலை எப்போதும் பச்சை, நிழல்தான் அதற்குச் சுகம், வெள்ளைப் பூ தலை கவிழ்ந்து நிற்கும். கொஞ்ச நாள் தண்ணீரைக் குறைத்து, அப்புறம் தாராளமாக ஊற்றினால் மொட்டு வைக்கும். கூடவே ஃபுட்பால் லில்லி. அது குளிர்காலத்தில் தூங்கி, காபி பூக்கிற கோடை மழைக்குப் பின்னால் சிவப்பாக எழும்பும். சில்வர் ஓக் சருகு சீக்கிரம் மக்காது, கெட்டியாகப் படிந்துவிடும். நடுகிற இடத்தில் அதை மட்டும் வாரிவிடுங்கள்.

நாகலூர்வாசி:
சரி, மரத்தடிக்கு யூகாரிஸ், தொட்டிக்கு டாஃபடில். ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில்தான் இடம் இருக்கிறது, அங்கே வைக்கலாமா?

அஸ்தம்பட்டி அக்கா:
பழம் இருக்கும் தட்டு கூடவே கூடாது. ஆப்பிள், வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூவைக் கெடுத்துவிடும். அதைவிட முக்கியம், டாஃபடில் கிழங்கு பார்க்க அச்சு அசல் வெங்காயம், ஆனால் விஷம். தெரியாமல் சாம்பாரில் அரிந்து போட்டால் வாந்தி, வயிற்றுவலி வரும். டப்பாவில் போட்டு மூடியில் ஓட்டை போட்டு, 'சமையலுக்கு இல்லை' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வீட்டில் சமைக்கிறவர்களிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்.