ஐஜிஎஃப்-1ங்கற வளர்ச்சிப் புரதம் போட்டும் லேப்ல வளக்குற மசில் டிஷ்யூ மெலிஞ்சு அறுந்து போகுது, எங்க தப்பு பண்றேன்?

கேள்வி:
வணக்கம் மக்களே, சி2சி12ங்கற சுண்டெலி தசை செல்லை ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது வர்ற புரதம்) ஜெல்ல கலந்து ரெண்டு சிலிகான் தூணுக்கு நடுவுல ஊத்தி வளக்குறேன். முதல் மூணு நாள் பாக்கவே அழகா இருக்கும், ஜெல் சுருங்கி தூண் ரெண்டையும் உள்பக்கமா இழுக்கும். அப்புறம் செல் பெருகுறத நிறுத்தி தசை நாரா மாறட்டும்னு, மீடியத்த (செல்லுக்கு ஊத்துற சத்து திரவம்) 10% எஃப்பிஎஸ்ல (கன்னுக்குட்டி கருவோட சீரம்) இருந்து 2% குதிரை சீரத்துக்கு மாத்துறேன், கூட ஐடிஎஸ் (இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் கலவை) சப்ளிமென்ட்டும் உண்டு. நல்லா வளரட்டும்னு எஃப்ஜிஎஃப்-2ங்கற இன்னொரு வளர்ச்சிப் புரதம், ஐஜிஎஃப்-1 ரெண்டையும் முதல் நாள்ல இருந்து கடைசி வரைக்கும் போடுறேன். ஆறாவது நாள் நடுபாகம் நூல் மாதிரி ஆயிடுது, ஏழாவது நாள் காலைல இன்குபேட்டர திறந்தா ஒரு தூண்ல மட்டும் சுருண்டு கெடக்கு. நாலு பேட்ச்சும் இப்படியே போச்சு, மனசே விட்டுப்போச்சு. தப்பிச்ச ஒண்ணு ரெண்டுல மயோசின் (தசைப் புரதம்) ஸ்டெயின் பண்ணா நீளமான மயோட்யூப் (செல் ஒண்ணா சேந்து ஆகுற தசை நார்) ரொம்ப கம்மி. டோஸ ஏத்தணுமா?

பதில் 1:
ஏத்தாதீங்க, முதல்ல எஃப்ஜிஎஃப்-2வ நிறுத்துங்க. அது மயோபிளாஸ்ட்ட (இளம் தசை செல்) பெருக வைக்குற ஆளு, அது இருக்குற வரைக்கும் செல் பிரிஞ்சுகிட்டே இருக்கும், ஒண்ணோட ஒண்ணு சேந்து மயோட்யூப் ஆகாது. நீங்க சீரத்த குறைச்சு "நிறுத்து"ங்கறீங்க, எஃப்ஜிஎஃப் "ஓடு"ங்குது, செல் என்ன பண்ணும் பாவம். பெருகுற கட்டத்துல மட்டும் போடுங்க, மீடியம் மாத்துற அன்னிக்கு ஒரு தடவ கழுவிட்டு அதுக்கப்புறம் ஐஜிஎஃப்-1 மட்டும். அப்புறம், செல்ல ஃபிளாஸ்க்ல முழுசா நெருங்கி நிக்க விட்டீங்களா? ஃபிளாஸ்க் தரைல 70 சதவீதத்துக்கு மேல நிரம்ப விட்டா மயோட்யூப் ஆகுற செல்லெல்லாம் போயி ஆகாததுதான் மிஞ்சும்.

பதில் 2:
அறுந்து போறது வேற பிரச்சனைன்னு தோணுது தம்பி. செல் இல்லாத ஜெல் ஒண்ண அதே மீடியத்துல வச்சுப் பாருங்க. அது அப்படியே நின்னா, செல்லுதான் ஃபைப்ரின கரைக்குது. செல் யூரோகைனேஸ்ங்கற நொதிய விடும், அது பிளாஸ்மினோஜன்ங்கற புரதத்த பிளாஸ்மினா மாத்தும், பிளாஸ்மின் ஜெல்ல தின்னுடும். அமினோகாப்ராயிக் ஆசிட் மில்லிக்கு 1 மில்லிகிராம் போடுங்க, பிளாஸ்மினோஜன் ஃபைப்ரின்ல ஒட்டாம தடுக்கும். ஒவ்வொரு தடவ மீடியம் மாத்தும்போதும் மறக்காம போடணும், ஒரு நாள் விட்டாலும் கணக்கு தப்பிடும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா, அது போடவே இல்ல. ஐஜிஎஃப் ஒரே ட்யூப்தான், உருக்கி எடுத்து திரும்ப ஃப்ரீசர்ல வச்சுடுவேன், அது தப்பா?

பதில் 1:
தப்புதான். 0.1% பிஎஸ்ஏல (மாட்டு அல்புமின் புரதம்) கரைச்சு சின்னச் சின்னதா பிரிச்சு வைங்க, இல்லன்னா பாதி ஐஜிஎஃப் ட்யூப் சுவத்துலயே ஒட்டிக்கும். இன்னொண்ணு, உங்க ஐடிஎஸ்ல இன்சுலின் மில்லிக்கு 10 மைக்ரோகிராம் கிட்ட இருக்கும், அந்த அளவுல இன்சுலினே ஐஜிஎஃப் ரிசப்டர (செல்லுல ஐஜிஎஃப் ஒட்டுற இடம்) போயி தட்டும். அப்போ மேல ஐஜிஎஃப் ஊத்தி என்ன வித்தியாசம் தெரியும்? ஐடிஎஸ் இல்லாம ஒரு செட், ஐஜிஎஃப் இல்லாம ஒரு செட் கட்டாயம் வைங்க.

கேட்டவர் (மூணு வாரம் கழிச்சு):
செல் இல்லாத ஜெல் அசையாம நின்னுச்சு அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே செல்லுதான் கரைச்சிருக்கு. ஆசிட் போட்டதுல இருந்து ஒண்ணு கூட அறுகல, 14 நாள் ஆச்சு. எஃப்ஜிஎஃப் எடுத்ததும் மயோட்யூப் வரிசையா படுத்திருக்கு, 1 ஹெர்ட்ஸ் கரண்ட் துடிப்பு கொடுத்தா தூண் அசையுறது கண்ணுக்கே தெரியுது, பாத்ததும் கத்திட்டேன். ஐடிஎஸ் இல்லாத செட்லதான் ஐஜிஎஃப்போட வேலை தெரிஞ்சுது, மயோட்யூப் நல்லா தடிமனா இருக்கு. ஆனா குறுக்கா வெட்டிப் பாத்தா ஓரத்துலதான் நார், நடுவுல காலி. விஇஜிஎஃப் (ரத்தக்குழாய் வளர வைக்குற புரதம்) போட்டா சரியாகுமா?

பதில் 2:
ஆகாது தம்பி, ரத்தக்குழாய் செல்லே இல்லாம அது யாருகிட்ட பேசும்? 200 மைக்ரான் தாண்டுனா ஆக்சிஜன் உள்ள போறது கஷ்டம். டிஷ்யூவ மெலிசா ஊத்துங்க, தட்ட ஷேக்கர்ல வைங்க.