மூக்குச் சதை மீண்டும் வளர்கிறது: மூன்றாவது அறுவை சிகிச்சையா, டுபிலுமாப் ஊசியா?

செல்வி, திருச்சி:
அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு மூக்கின் இரு பக்கமும் சதை வளர்ந்து, இரண்டு முறை எண்டோஸ்கோப்பி மூலம் அகற்றியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஓராண்டு நன்றாக இருந்துவிட்டு, மூக்கடைப்பும் தலைபாரமும் திரும்பிவிடுகின்றன. இப்போது காபித் தூள் டப்பாவைத் திறந்து மூக்கருகே பிடித்தாலும் அவனுக்கு வாசனை தெரிவதில்லை. ஆஸ்துமாவுக்காக இன்ஹேலரும் பயன்படுத்துகிறான். மூன்றாவது அறுவை சிகிச்சை, இல்லையென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டுபிலுமாப் ஊசி என்று மருத்துவர் இரு வழிகளைச் சொல்லியிருக்கிறார். முழுவதும் எடுத்த பிறகும் சதை ஏன் வளர்கிறது? முதலில் சரியாக எடுக்கவில்லையா? ஊசி போட்டால் நிரந்தரமாகக் குணமாகுமா?

காது மூக்கு தொண்டை மருத்துவர், மதுரை:
சகோதரிக்கு வணக்கம். சதை மீண்டும் வளர்ந்தாலே அறுவை சிகிச்சை சரியில்லை என்று நினைக்க வேண்டியதில்லை. பாலிப் என்று நாங்கள் சொல்லும் இந்த மூக்குச் சதை தனியாக முளைத்த கட்டி அன்று. மூக்கையும், அதைச் சுற்றியுள்ள எலும்புகளின் காற்றறைகளான சைனஸையும் உட்புறமாக மூடியிருக்கும் சவ்வே நீர்கோத்து வீங்கித் தொங்குவதுதான். வீங்கிய பகுதியை எடுத்துவிடலாம், ஆனால் வீங்கும் இயல்பு மிச்சமிருக்கும் சவ்வில் அப்படியே இருக்கிறது.

எண்டோஸ்கோப்பி அறுவை சிகிச்சை எந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது என்று தெரிந்தால் அதன் எல்லையும் விளங்கும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் என்ற மருத்துவர், சைனஸுக்குள் சளி எந்தத் திசையில் நகர்கிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கன்னத்துச் சைனஸின் அடிப்பகுதியில் புதிதாக ஒரு துளை போட்டுக் கொடுத்தாலும், அங்குள்ள நுண்மயிர்கள் அதைப் பொருட்படுத்தாமல், மேலே இருக்கும் இயற்கையான வாயை நோக்கியே சளியைத் தள்ளுகின்றன. அதனால்தான் இன்று அந்த இயற்கை வாயையே அகலப்படுத்துகிறோம். மருந்து உள்ளே போவதற்கும் அது வழிவிடுகிறது. ஆனால் வழி திறந்த பிறகு மருந்து தொடர்ந்து போக வேண்டும் அல்லவா? தம்பி அறுவை சிகிச்சைக்குப் பின் ஸ்டீராய்டு கலந்த உப்புநீரால் நாள்தோறும் மூக்கைக் கழுவினாரா? ரத்தத்தில் ஈசினோபில் என்ற, ஒவ்வாமையில் கூடும் வெள்ளையணுவின் எண்ணிக்கை எவ்வளவு? அகற்றிய சதையின் பயாப்சி அறிக்கை கையில் இருக்கிறதா?

நுரையீரல் மருத்துவர், கோவை:
இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளுக்குப் பிறகு எப்போதாவது மூச்சுத்திணறல் வந்திருக்கிறதா? மூக்குச் சதை, ஆஸ்துமா, இந்த மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமை ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதை 1922-லேயே பிரான்சில் விடால் என்ற மருத்துவர் பதிவு செய்தார். 1968-இல் சாம்டரும் பியர்ஸும் விரிவாக எழுதிய பிறகு சாம்டர் முக்கூட்டு என்ற பெயர் நிலைத்தது. இந்த மூன்றும் சேர்ந்திருக்கும் நோயாளிகளுக்குத்தான் சதை மிக விரைவாகத் திரும்புகிறது.

செல்வி, திருச்சி:
ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் விசாரித்தேன். சென்ற ஆண்டு பல்வலிக்கு ஒரு மாத்திரை போட்ட இரவே மூச்சு முட்டி, நெபுலைசர் வைக்கும் நிலை வந்தது. ஆஸ்துமா முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். மூக்கு கழுவுவதை மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டான். ஈசினோபில் 620 என்று இருக்கிறது. பயாப்சியில் பூஞ்சை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர், மதுரை:
பூஞ்சை இல்லை என்பது முக்கியமான செய்தி. ஒவ்வாமைப் பூஞ்சைச் சைனஸ் நோயாக இருந்தால், உள்ளே பசைபோல் அடைத்திருக்கும் சளியை அறுவை சிகிச்சையால் அகற்றுவதே முதல் வேலையாக இருந்திருக்கும்.

டுபிலுமாப், சவ்வை வீங்கவைக்கும் இன்டர்லூகின் 4, 13 ஆகிய இரண்டு சமிக்ஞைகளையும் தடுக்கிறது. 2019-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் 724 நோயாளிகள் பங்கேற்றார்கள். 8 வரை போகும் பாலிப் அளவுகோலில், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களைவிட 24 வாரத்தில் ஏறத்தாழ 2 புள்ளி குறைவு கிடைத்தது. பலருக்கு வாசனையும் திரும்பியது. ஆனால் ஓர் ஆய்வில் 24 வாரத்தோடு ஊசியை நிறுத்தியபோது, கிடைத்த பலன் படிப்படியாகக் குறைந்தது. ஆகவே இது நோயைக் கட்டுக்குள் வைக்கும் மருந்து. நிரந்தரமாகக் குணமாகும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. செலவைக் கணக்கிடும்போது சில மாதங்களை அல்ல, ஆண்டுகளை வைத்துக் கணக்கிடுங்கள்.

2020-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்தும் இருபுறமும் பாலிப் உள்ளவர்களுக்கு ஐந்து அடையாளங்களில் மூன்று இருந்தால் இத்தகைய ஊசியைப் பரிசீலிக்கலாம் என்கிறது. 250-க்கு மேற்பட்ட ஈசினோபில், இன்ஹேலர் ஸ்டீராய்டு தேவைப்படும் ஆஸ்துமா ஆகிய இரண்டும் உங்கள் தம்பிக்கு இருக்கின்றன. வாசனை அறவே இல்லை என்பது சோதனையில் உறுதியானால் மூன்றாகிவிடும். செலவு தாங்குமானால், மூன்றாவது அறுவை சிகிச்சைக்கு முன் ஊசியை முயன்று பார்க்கவே நான் சொல்வேன். தாங்காது என்றால், அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இம்முறை மூக்கு கழுவுவதை ஒருபோதும் நிறுத்தாமல் இருப்பதும் நல்ல வழியே. கழுவும் நீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விட்டு, நெக்லேரியா அமீபா மூளையைத் தாக்கி இறந்தவர்கள் உண்டு.

நுரையீரல் மருத்துவர், கோவை:
எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தப் பல்வலி மாத்திரையின் பெயரைக் கண்டுபிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரினும் அதன் இனத்து வலி மாத்திரைகளும் ஒத்துக்கொள்வதில்லை என்று ஒரு சீட்டில் எழுதித் தம்பியின் பணப்பையில் வையுங்கள். பல் மருத்துவரிடமும் மருந்துக் கடையிலும் அதைக் காட்டிய பிறகே எந்த வலி மாத்திரையையும் வாங்க வேண்டும். மூக்கு சரியானாலும் ஆஸ்துமா இன்ஹேலரை அவராக நிறுத்திவிடக் கூடாது.