பேச்சே இல்லாத வானொலி: கேட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாயான் லெபாஸ், இரவு ஷிஃப்ட்:

பகலில் தூங்கி இரவில் வேலைக்குப் போகிறவனுக்கு அடுக்குமாடி வீட்டில் நிம்மதி ஏது? காலையில் வந்து கண்ணை மூடினால் மேல் வீட்டில் டிரில் போடுவார்கள், கீழே லோரி ஹாரன் அடிக்கும். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் விமானச் சத்தம் வேறு. ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர்தான் சோமா எஃப்எம்மைச் சொன்னார். 2000இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இணைய வானொலி. முப்பதுக்கும் மேல் சேனல்கள் உண்டு. நான் கேட்பது ‘ட்ரோன் ஸோன்’ மட்டும்: பாட்டில்லாமல் மெதுவாக நீண்டு ஒலிக்கும் இசை. தாளம் அநேகமாக இருக்காது, விளம்பரம் கிடையாது. எப்போதாவது நிலையத்தின் பெயரைச் சொல்லி ஒரு குரல் வரும், அவ்வளவுதான்.

போட்டவுடன் தூக்கம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். டிரில் சத்தமும் நிற்காது. ஆனால் நம்மைத் திடுக்கிட்டு எழ வைப்பது பெரும்பாலும் சத்தம் திடீரென்று எகிறுவதுதான். அறைக்குள் ஒரு மெல்லிய ஒலி இடைவிடாமல் ஓடினால் அந்த எகிறல் சிறிதாகத் தெரியும். மின்விசிறிச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கமே வராது என்று சிலர் சொல்வதும் இதனால்தான். காதில் செருகிக்கொண்டு தூங்க வேண்டாம், சின்ன ஸ்பீக்கரில் குறைத்து வைத்தால் போதும்.

டேட்டா கணக்கு: ஒலித்தரம் 128 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 58 எம்பி, ஏழு மணி நேரத்துக்கு 400 எம்பி. வைஃபை இல்லாதவர்கள் 64ஐத் தேர்ந்தெடுங்கள், பாதிதான் ஆகும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்:

தம்பி சொல்வது சரிதான், ஆனால் என் அம்மாவிடம் இது எடுபடவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருந்தார். இதமாக இருக்கட்டுமே என்று போட்டுவிட்டேன். அம்மாவுக்கு வானொலி என்றால் மின்னல் எஃப்எம்தான். அறிவிப்பாளர் வணக்கம் சொல்ல வேண்டும், யாராவது போன் போட்டுப் பாட்டுக் கேட்க வேண்டும். கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏம்மா, இன்னுமா சுருதி சேர்க்கிறாங்க? பாட்டு எப்ப வரும்?” என்றார்.

கோயிலில் தேவாரம் பாடுகிறவர். அப்புறம் அவரே மெதுவாகப் பாட ஆரம்பித்துவிட்டார்! பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஒலி அவருடைய சுருதிக்குச் சரியாகப் பொருந்தியது. இரண்டு அடி பாடியிருப்பார், அடுத்த இசைக்கு மாறியதும் சுருதியும் மாறிவிட்டது. “எடுத்துப் போடு அதை” என்று ஒரே கோபம். இப்போது அம்மாவுக்குக் கைப்பேசியில் தம்பூரா செயலி. அது கடைசிவரை ஒரே சுருதியில் நிற்கும். இந்த வானொலி எனக்கு மட்டும், அதுவும் அம்மா தூங்கிய பிறகு.

செந்தூல்:

அக்கா, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம் 😄

என்னுடைய அனுபவம் வேறு மாதிரி. பினாங்கிலிருந்து இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் ஓட்டினார், பின்னால் பிள்ளைகள். மகன்தான் இந்தச் சேனலைப் போட்டான். ஈப்போ தாண்டுவதற்குள் பின் இருக்கை முழுக்கத் தூங்கிவிட்டது. அதுவரை சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரரும் கொட்டாவி விடுகிறார். உடனே மின்னலுக்கு மாற்றி, தாப்பா ஓய்விடத்தில் இறங்கி ஆளுக்கொரு தே தாரிக் குடித்தோம். நெடுஞ்சாலையில் ஓட்டுநருக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஜார்ஜ்டவுன், லிட்டில் இந்தியா:

எங்கள் துணிக்கடையில் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கக் கடையில் குத்துப்பாட்டு, வலப்பக்கக் கடையில் பக்திப் பாடல். நான் போட்டது எனக்கே கேட்கவில்லை.

பட்டர்வொர்த்:

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். இந்த வகை இசைக்கு ஆம்பியன்ட் என்ற பெயரை நிலைக்கச் செய்தவர் இங்கிலாந்தின் பிரையன் ஈனோ. விமான நிலையத்தில் ஒலிப்பதற்கென்றே 1970களின் கடைசியில் ஓர் ஆல்பம் போட்டார். கவனித்துக் கேட்டாலும் நன்றாக இருக்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் இடைஞ்சல் செய்யக் கூடாது என்பது அவர் எண்ணம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கஷ்டம். யூடியூபில் ‘ரிலாக்ஸ் மியூசிக்’ என்று கிடைப்பதில் பாதி, பியானோவை வைத்து அழ வைக்கப் பார்க்கிறது.

இன்னொரு விஷயம். சோமா எஃப்எம் நேயர்கள் தரும் நன்கொடையில் ஓடுகிறது. 2002இல் அமெரிக்காவில் இணைய வானொலிகளுக்கு உரிமத்தொகை நிர்ணயித்தார்கள்: ஒரு பாட்டை ஒரு நேயர் கேட்டால் 0.07 சென்ட். அற்பமாகத் தெரியும். ஆயிரம் பேர், மணிக்குப் பதினைந்து பாட்டு என்று பெருக்கினால் ஒரு நாளைக்கு 252 டாலர். அதனால் அந்த ஆண்டு சோமா எஃப்எம்காரர்கள் ஒலிபரப்பையே நிறுத்திவிட்டார்கள். சிறு நிலையங்களுக்கென்று சலுகைச் சட்டம் வந்த பிறகுதான் திரும்ப வந்தார்கள். நான் அவ்வப்போது சில வெள்ளி அனுப்புகிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ்:

தெரியாத கதை, நன்றி அண்ணே. தூங்கிய பிறகு தானாக நிற்க வைக்க வழி உண்டா? விடிய விடிய ஓடுகிறது.

பாயான் லெபாஸ், இரவு ஷிஃப்ட்:

உண்டு அக்கா. ஐபோன் என்றால் கடிகாரத்தில் டைமருக்குப் போய், முடிந்ததும் என்ன ஒலி வேண்டும் என்று கேட்கும் பட்டியலின் கடைசிக்கு இறங்குங்கள். ‘ஸ்டாப் பிளேயிங்’ இருக்கும். ஆண்ட்ராய்டு என்றால் விஎல்சி செயலியில் ஸ்லீப் டைமர் இருக்கிறது, சேனலின் ஸ்ட்ரீம் லிங்க்கை அதில் போட்டுக் கேட்கலாம்.