பொருள்: ‘அக்செசிபிலிட்டி’க்குத் தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், முதலியார்பேட்டை:
அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் ஒரு வரலாற்று அருங்காட்சியகத்தின் வருகையாளர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சாய்தளம், சக்கர நாற்காலி, பிரெயில் பலகை, சைகைமொழி விளக்கம் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. அத்தனைக்கும் மேலே வரும் ‘அக்செசிபிலிட்டி’ என்ற தலைப்புக்குத்தான் திண்டாட்டம். ‘மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகைகள்’ என்று முன்பு போட்டிருந்தார்கள். இது சலுகை இல்லை, உரிமை. முழங்கால் வலியோடு வரும் பெரியவருக்கும், குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தாய்க்கும் உரிய பக்கமும் இதுதான். ‘அணுகல்தன்மை’ சரியா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கடலூர்:
‘தன்மை’ என்ற வால் எதற்கு? ‘அணுக்கம்’ போதும். தஞ்சைப் பெரிய கோயிலில் திருவணுக்கன் திருவாயில் என்றே ஒரு வாயில் உண்டு. யாராவது ‘அருகாமை’ என்று எழுதுமுன் தடுத்துவிடுகிறேன். கல்லாமை, செல்லாமை போல அருகாமை என்றால் அருகில் இல்லாமை. அருகண்மைதான் சரி. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள தொல்லியல் தளமான அரிக்கமேட்டை அருகன்மேடு என்று சொல்வாரும் உண்டு. அந்த அருகனுக்கும் இந்த அருகுக்கும் உறவு உண்டா என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

தொல்லியல் மாணவி, காலாப்பட்டு:
ஐயா, அணுக்கன் என்றால் நெருங்கிய தொண்டன். நெருங்கியவருக்கு உரிய வாயிலின் பெயரை எல்லோருக்கும் திறக்கும் வாயிலுக்கு வைக்கலாமா?

அரிக்கமேடு என்றதும் இன்னொன்று. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது கிடைத்தவற்றில் ரௌலட்டட் வகை மண் தட்டுகளும் உண்டு. தட்டின் உள்ளடியில் பொடிப்பொடிப் பள்ளங்கள் வட்டவட்டமாக ஓடும். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவினால் அந்த வேலைப்பாடு நன்றாகப் பிடிபடும். தொட்டுணரும் மாதிரிகளில் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பார்வையற்ற ஆசிரியர், லாஸ்பேட்டை:
‘அணுகல்தன்மை’ கைபேசி அமைப்புகளில் வரும் சொல். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைபடிப்பான் சொல்லச் சொல்ல எனக்குப் பழகிவிட்டது. ஆனாலும் அதில் ஒரு குறை. ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்கிறது குறள். அணுகுதல் என்றால் பக்கத்தில் போதல், அவ்வளவுதான். கண்ணாடிப் பேழைகளின் பக்கத்தில் எத்தனையோ முறை போய் நின்றிருக்கிறேன். கைக்குக் கிடைத்தது கண்ணாடி மட்டும்.

‘எட்டுமை’ என்று வைக்கலாம். கைக்கு எட்டும், காதுக்கு எட்டும், அறிவுக்கு எட்டும் என்கிறோம். சாய்தளம், ஒலி வழிகாட்டி, எளிய தமிழில் எழுதிய விளக்கப் பலகை மூன்றும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். இலக்கணத்தையும் பாருங்கள். ‘நான் அணுகுகிறேன்’ என்றால் எழுவாய் நான். பாடு முழுக்க என்னுடையது. ‘அது எனக்கு எட்டவில்லை’ என்றால் எழுவாய் அந்தப் பொருள். நான் நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன். எட்டும்படி வைக்க வேண்டியவர் வைத்தவர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அந்தக் கடமையை நிறுவனத்தின் மேல்தான் வைக்கிறது.

கட்டட வரைஞர், கடலூர் முதுநகர்:
சொல் எதுவானாலும் வாசலில் நிற்பவருக்குப் புரிய வேண்டும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் வாசலிலேயே படிகள். 45 செ.மீ. உயரம் ஏற, 1:12 சரிவில் 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். நடைபாதையைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிடும். பக்கவாசல் வழியாகத்தான் கொடுக்க முடியும். அது எந்தத் தெருப் பக்கம், உள்ளே போனதும் கழிப்பறை எங்கே என்பதைத் தலைப்புக்குக் கீழே முதல் வரியில் போடுங்கள். தலைப்புக்கு என் வாக்கு ‘தடையில்லா வருகை’.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கடலூர்:
எட்டுமை என்றால் ஒருமை, இருமை வரிசையில் எண்ணாகப் படுகிறது. அணுக்கத்தை நான் வற்புறுத்தவில்லை. மாணவி கேட்டது நியாயம். இதைவிட நல்ல சொல் வள்ளுவரிடமே இருக்கிறது: எண்பதம், அதாவது எளிதில் காணக் கிடைத்தல். முறை வேண்டி வருபவர் எளிதில் காணக் கிடைக்காத மன்னவன் தானே கெடுவான் என்னும் குறள் ‘எண்பதத்தான் ஓரா’ என்றுதான் தொடங்குகிறது. ‘எண்பதத்தால் எய்தல் எளிதென்ப’ என்று பண்புடைமையிலும் வருகிறது. நமக்கு வேண்டிய பொருள் அப்படியே உள்ள சொல். புரியாது என்று ஒதுக்கினால் எந்தச் சொல்தான் புழக்கத்துக்கு வரும்? பேருந்தும் ஒரு நாள் புதுச்சொல்தானே.

தொல்லியல் மாணவி, காலாப்பட்டு:
அழகான சொல் ஐயா. ஆனால் பலகையில் அவசரமாகப் படிப்பவர் ‘எண்பது’ என்றே படிப்பார். பேருந்துக்குப் பக்கத்தில் பேருந்தே நின்றது. இதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர், முதலியார்பேட்டை:
இன்று வியாழன். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ‘அணுகல் வசதிகள்’ பக்கம்தான் ஆள் அதிகம். அதையே போடுகிறேன். பக்கவாசல் குறிப்பு முதல் வரியில் வரும். உள்ளே ஓரிடத்தில் ‘எல்லாருக்கும் எட்டும்படி’ என்று எழுதியிருக்கிறேன்.

பார்வையற்ற ஆசிரியர், லாஸ்பேட்டை:
சரி, அச்சுக்குப் போகட்டும். என் வாக்கு எட்டுமைக்கே. அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன். அப்புறம், அச்சகத்தில் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் கோத்துப் பிடிஎஃப் ஆக்கினால் திரைபடிப்பான் அதைத் தமிழாக வாசிக்காது. வெறும் உளறலாக வரும். இணையத்தில் ஏற்றும் பிரதி யூனிகோடில் இருக்கட்டும். ஏற்றுமுன் எனக்கு அனுப்புங்கள், கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.