கோடை விடுமுறைக்கு எந்தத் தீவு? இன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிவு பண்ணணும், உதவுங்க

புதுக்குடித்தனம்:
வணக்கம். ஜெர்மனி வந்து இதுதான் எங்களுக்கு முதல் கோடை. ஏதாவது ஒரு தீவுக்குப் போய் ஒரு வாரம் கடற்கரையில இருந்துட்டு வரணும்னு வீட்ல ரொம்ப ஆசை. மனைவி கிரீஸ்ல இருக்கிற சாண்டோரினிங்கிறாங்க, ஆபீஸ்ல ஸ்பெயினோட மல்லோர்காங்கிறாங்க. விமான டிக்கெட் ஏறிக்கிட்டே இருக்கு, இந்த விலை நள்ளிரவு வரைக்கும்தான்னு காட்டுது. கார்டைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். பையனும் வர்றான். எந்தத் தீவுன்னு சட்டுனு சொல்லுங்க, ப்ளீஸ்.

அலைக்காரன்:
சாண்டோரினி வேண்டாங்க. அது எரிமலை வெடிச்சு உள்வாங்கின பள்ளத்தோட விளிம்பு. போட்டோல வர்ற வெள்ளை வீடெல்லாம் செங்குத்துப் பாறை மேல இருக்கு, கடல் எங்கேயோ கீழே கிடக்கும். குளிக்கணும்னா தீவோட மறுபக்கம் கமாரி, பெரிஸாங்கிற கரைகளுக்குப் போகணும். அங்கே கறுப்பு மணல், மத்தியானம் வெறுங்காலை வைக்கவே முடியாது. நல்ல மணல் வேணும்னா அதே பக்கம் இருக்கிற நக்ஸோஸ் தீவு.

வடகாற்று:
நக்ஸோஸ் மணல் நல்லதுதான், ஆனா ஜூலை, ஆகஸ்ட்ல இந்த ரெண்டும் இருக்கிற சிக்லாடீஸ் தீவுகள் பூராவும் வடக்கேயிருந்து மெல்தெமி காத்து அடிக்கும். விடாம நாலஞ்சு நாள் கூட வீசும். மணலை வாரி முகத்துல இறைக்கும், கப்பல் நிக்கிற நாளும் உண்டு. கிரீஸ்தான்னா மேற்கே கோர்ஃபு பாருங்க, பச்சைப்பசேல்னு இருக்கும்.

கார்க்காரர்:
எதுக்கு விமானம்? காரை எடுத்துக்கிட்டு குரோஷியா போங்க. க்ர்க் தீவுக்குப் பாலமே இருக்கு, கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அலைக்காரன்:
குரோஷியா, எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகள்ல இல்லையே? எல்லையில பாஸ்போர்ட் பார்ப்பாங்களே.

கார்க்காரர்:
2023 ஜனவரி 1லயே சேர்ந்தாச்சு. பழைய கதையைச் சொல்லி அவரைக் குழப்பாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், அங்கே பெரும்பாலும் கூழாங்கல் கரைதான். பாறை இடுக்குல கடல் முள்ளெலி இருக்கும், ரப்பர் செருப்போடதான் தண்ணியில இறங்கணும்.

மூணாவது_மாடி:
தீவு இருக்கட்டும், முதல் வருஷமே லீவுக்குக் கிளம்பணுமா? நாங்க வந்தப்ப வீடே கிடைக்கல. முகவரிப் பதிவு இல்லாம வங்கிக் கணக்கு இல்லை, சம்பளச் சீட்டு இல்லாம வாடகைக்கு வீடு இல்லை. நவம்பர்ல நாலரை மணிக்கே இருட்டிடும். பெட்டியைக்கூடப் பிரிக்காம ஒரே ரூம்ல கிடந்தோம். அந்தப் பணத்தைச் சேர்த்து வைங்க தம்பி, குளிர்காலத்துல ஹீட்டர் பில் வரும்.

ஞாயிறு_மௌனம்:
உண்மை. ஞாயித்துக்கிழமை மிக்ஸி போட்டா கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுறார். டாக்டர் நேரம் கேட்டா மூணு மாசம் கழிச்சு வாங்கங்கிறாங்க. ஆபீஸ் கடிதமெல்லாம் ஜெர்மன்லயே வருது, அதைப் படிக்கவே பாதி நாள் போகுது.

அலைக்காரன்:
அதனாலதாங்க லீவே வேணும். ஒரு வாரம் கடலைப் பார்த்தாத்தான் அடுத்த குளிரைத் தாங்க முடியும்.

யாழினி_அக்கா:
எல்லாரும் கொஞ்சம் பொறுங்கோ. இதை ஒருத்தரும் கேக்கேல்ல, நான் கேக்கிறன். தம்பி, எந்த மாசம் போறியள்? பிள்ளைக்கு எத்தினை வயசு? விசா அட்டை கைக்கு வந்திட்டுதோ, இல்லாட்டி வந்து இறங்கின விசாவிலதான் இன்னும் நிக்கிறியளோ?

புதுக்குடித்தனம்:
ஆகஸ்ட் நடுவுலக்கா. பையனுக்கு நாலு வயசு. விசா ஜூலையோட முடியுது. நீட்டிக்க விண்ணப்பிச்சாச்சு, அட்டை இன்னும் வரல. அட்டை வர்ற வரைக்கும் வச்சுக்கன்னு ஃபிக்ஷியோன்ஸ்பெஷைனிகுங்னு ஒரு மடிப்புத் தாள் குடுத்திருக்காங்க. அதுக்கும் தீவுக்கும் சம்பந்தம் இருக்கா?

யாழினி_அக்கா:
அதுதான் தம்பி முதல் சங்கதி. தாளை விரிச்சு மூண்டாம் பக்கத்தைப் பாருங்கோ. குடியிருப்புச் சட்டத்தின்ர 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு எண்ட பெட்டியில குறி இருந்தால் உங்கட பழைய உரிமை தொடருது. முடிஞ்ச விசாவோடயும் பாஸ்போட்டோடயும் சேத்துக் காட்டித் திரும்பி வரலாம். 3ஆம் உட்பிரிவில குறி எண்டால் வெளிய போகவே வேண்டாம். 4 எண்டாலும், வேற நாட்டு விமான நிலையத்தில கவுண்டரில நிக்கிற ஊழியருக்கு இந்தத் தாள் என்னெண்டு தெரியாமல் போகலாம். சின்னப் பிள்ளையோட அங்க நிண்டு விளக்கம் சொல்லுற நிலை உங்களுக்கு வேண்டாம். போகத்தான் வேணுமெண்டால் வெளிநாட்டவர் அலுவலகத்திட்டக் கேட்டு எழுத்தில வாங்குங்கோ.

இந்த வருசம் ஜெர்மனிக்குள்ளயே ஒரு தீவைப் பாருங்கோ. எல்லையுமில்லை, விசாக் கேள்வியுமில்லை.

கார்க்காரர்:
வடகடல்ல இருக்கிற ஸில்ட் தீவுக்குப் போங்க அப்ப. ஆனா கார்ல நேரா போக முடியாது. 1927ல கட்டின கடல் அணை மேல ரயில் மட்டும்தான், காரையும் ரயில்லதான் ஏத்தணும்.

யாழினி_அக்கா:
ஸில்ட் வடிவான இடம். ஆனா மேற்குக் கரையில அலையும் இழுவையும் கூட, நாலு வயசுக்குச் சரிவராது. நோர்டர்னை போல வடகடல் தீவுகளில வத்துப்பெருக்கும் இருக்கு, நீங்கள் குளிக்க வெளிக்கிடேக்க தண்ணி தூரப் போயிருக்கும். பால்டிக் கடலில வத்துப்பெருக்கு இல்லாத மாதிரித்தான். அங்க ரூகன் தீவில பின்ஸ் எண்ட ஊரைப் பாருங்கோ. வெள்ளை மணல், கரையோரம் ஆழம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூடும். ரயில் கரையில இருக்கிற ஸ்ட்ரால்சுண்ட் நகரத்தைத் தாண்டி பின்ஸ் வரைக்கும் போகும். டொய்ச்லாண்ட் டிக்கெட் எண்ட மாசச் சீட்டு வட்டார ரயிலில செல்லும், ஆறு வயசுக்குக் கீழ பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம்.

வடகாற்று:
அங்கே தண்ணி ஆகஸ்ட்லகூட 18, 19 டிகிரிதான் இருக்கும். மல்லோர்கா மாதிரி வெதுவெதுப்பு கிடையாது, மழை நாளும் வரும். பையனுக்கு முழுக்கை நீச்சல் உடுப்பு வாங்கிடுங்க. கரையில ஷ்ட்ராண்ட்கோர்ப், அந்தக் கூரை வச்ச பிரம்பு இருக்கை, வாடகைக்குக் கிடைக்கும். எடுத்துக்கோங்க, காத்துக்கு அதுதான் மறைப்பு. தங்குற ஊர்ல நாளொண்ணுக்குக் குர்டாக்ஸேங்கிற சுற்றுலா வரியும் உண்டு, கணக்குல சேர்த்துக்கோங்க.

புதுக்குடித்தனம்:
தாளைப் பார்த்தேன்கா, 4லதான் குறி இருக்கு. இருந்தாலும் சாண்டோரினி வேண்டாம்னு மனைவியும் சொல்லிட்டாங்க. பின்ஸ்ல வீடு தேடிட்டிருக்கோம். பையனோட காத்து நிரப்புற மிதவை வாத்தைக் கொண்டுபோகலாமா?

வடகாற்று:
பின்ஸ் கரை கிழக்கைப் பார்த்தது. மேற்குக் காத்து அடிக்கிற நாள்ல கடல் தட்டையா, அமைதியாத்தான் தெரியும், ஆனா காத்து கரையிலிருந்து உள்ளே தள்ளும். மிதவை கண்மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும். காவல் கம்பத்துல ஆரஞ்சு நிறக் காத்துப்பை ஏத்தியிருந்தா வாத்து மணல்லயே இருக்கட்டும். சிவப்பு-மஞ்சள் கொடி பறந்தா காவலர் இருக்காங்கன்னு அர்த்தம், அதுக்கு நேரா குளிங்க. மஞ்சள் கொடியும் கூட ஏறினா பையனை இறக்காதீங்க, தனிச் சிவப்புன்னா யாருமே இறங்கக் கூடாது.