மிதமான குளிர்காலம்: விதைப்பை முன்கூட்டியே தொடங்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இந்தக் குளிர்காலம் வழக்கத்தைவிட மிகவும் மிதமாக இருக்கிறது. சில நாட்களாகப் பகல் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. பூண்டு குருத்து விட்டுவிட்டது. ஆப்பிள் மரத்தில் மொட்டுகள் பருக்கத் தொடங்கியுள்ளன. ஆனால் எங்கள் பகுதிக்குக் கணக்கிடப்பட்ட கடைசி உறைபனி நாளுக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன. பட்டாணி, பசலைக்கீரை, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், தக்காளி ஆகியவற்றைப் பயிரிட எண்ணியுள்ளேன். நாட்காட்டியை நம்பிக் காத்திருப்பதா, கண்முன் இருக்கும் வெயிலை நம்பி இப்போதே தொடங்குவதா?

பதில் 1

இரண்டையும் நம்ப வேண்டாம், மண்ணைக் கேளுங்கள். காற்று ஒரே பகலில் சூடாகிவிடும், மண் அவ்வாறு சூடாவதில்லை, விதையோ மண்ணுக்குள்தான் கிடக்கப் போகிறது. ஒரு வெப்பமானியை ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் செருகி, காலை வேளையில், தொடர்ந்து சில நாட்கள் அளந்து பாருங்கள். பிற்பகலில் அளந்தால் மேல்மண் வாங்கிய வெயிலைத்தான் அது காட்டும்.

பட்டாணியும் பசலையும் 5 டிகிரி அளவிலேயே முளைக்கத் தொடங்கும், ஆனால் முளைப்பு மந்தமாக இருக்கும். கேரட்டுக்கு 7 டிகிரியாவது வேண்டும். இவற்றின் இளம்பயிர் இலேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும் என்பதால், மண் இந்த அளவை எட்டியிருந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. பீன்ஸ் அப்படியல்ல. மண் 15 டிகிரியைத் தாண்டாமல் அதை விதைத்தால், முளைப்பதற்கு முன்பே ஈரத்தில் ஊறி அழுகிவிடும்.

வெப்பநிலை சரியாக இருந்தாலும் மண் பதமாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்து, பின்பு விரலால் இலேசாகத் தட்டுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் பாத்தியைக் கொத்தலாம், உருண்டையாக அப்படியே நின்றால் கொத்தக் கூடாது. களிமண் நிலத்தை ஈரத்தோடு கிளறி மிதித்தால் கட்டி தட்டிப்போய், அந்தப் பருவம் முழுவதும் வேர் இறங்கத் திணறும்.

பதில் 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் முட்டைக்கோஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஓரளவு வளர்ந்து தண்டு பென்சில் பருமனுக்கு வந்துவிட்ட நாற்றை இப்போது நட்டு, அதன் பிறகு 10 டிகிரிக்குக் குறைவான குளிர் சில வாரங்கள் நீடித்தால், குளிர்காலம் முடிந்துவிட்டது என்று செடி எடுத்துக்கொண்டு, தலை கட்டாமல் பூத்தண்டு விட்டுவிடும். வெங்காயத்துக்கும் இந்தக் குணம் உண்டு. எனவே முன்கூட்டி நடுவதானால் சிறிய நாற்றையே நடுங்கள். பெரிய நாற்று என்று ஆசைப்பட வேண்டாம்.

கடைசி உறைபனி நாள் என்பதைப் பலர் ஓர் உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் பல ஆண்டுகளின் சராசரி மட்டுமே; அப்படியானால் ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அந்த நாளுக்குப் பிறகும் உறைபனி விழுந்திருக்கிறது என்று பொருள். குளிர்காலம் மிதமாக இருந்தது என்பதற்காக அந்த ஆபத்து நீங்கிவிடுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத ஒரே ஓர் இரவு போதும். வானிலை அறிக்கையில் சொல்லப்படும் வெப்பநிலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் அளக்கப்படுவது; அத்தகைய இரவில் அங்கே 2 அல்லது 3 டிகிரி இருக்கும்போதே செடியின் இலைமேல் உறைபனி படிந்திருக்கும்.

பதில் 3

தக்காளியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதை வெளியே நட இப்போது நினைக்கவே வேண்டாம். இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்காத நிலை வரவேண்டும். ஆனால் வீட்டுக்குள் விதைப்பதற்கு உங்கள் கணக்குப்படி இதுவே சரியான சமயம். நாற்று தயாராக ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். கடைசி உறைபனிக்குப் பிறகு ஓரிரு வாரம் விட்டு நடுவதென்றால், இன்று போடும் விதை கச்சிதமாகப் பொருந்தும். இதில் மிதமான குளிர்காலத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. சன்னல் வெளிச்சம் மட்டும் போதவில்லை என்றால் விளக்கு வையுங்கள், இல்லாவிட்டால் நாற்று வெளிறி, நெடுநெடுவென வளர்ந்து துவண்டுவிடும். நடுவதற்கு முன் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை வெளியே வைத்துப் பழக்குங்கள். முதல் நாளில் நிழலில் ஓரிரு மணி நேரம் வைத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்று காலை அளந்ததில் மண் 6 டிகிரி இருந்தது, பிடித்த மண்ணும் உதிர்ந்தது. ஆகவே பட்டாணியையும் பசலையையும் விதைக்கிறேன். கேரட் சற்றுப் பொறுக்கட்டும். ஆப்பிள் மொட்டுகளுக்கு ஏதாவது செய்ய முடியுமா?

பதில் 2

வைத்திருக்கும் விதை முழுவதையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். பாதியை இப்போதும் மீதியை இரண்டு வாரம் கழித்தும் விதையுங்கள். உறைபனி வரும் என்று தெரிந்தால், அதற்கென விற்கப்படும் மெல்லிய துணியை மாலையிலேயே பாத்தியின்மேல் விரித்து, ஓரங்களை மண்ணால் அழுத்திவிடுங்கள்.

ஆப்பிளைப் பொறுத்தவரை, மூடிய மொட்டு ஓரளவு குளிரைத் தாங்கும். நன்றாக மலர்ந்துவிட்டால் மைனஸ் 2 டிகிரியில் சில பூக்கள் கருகும், மைனஸ் 4 டிகிரியில் பெரும்பாலானவை கருகிவிடும். மரம் சிறியதென்றால் அந்த இரவுகளில் தரை வரை தொங்கும்படி துணியால் மூடலாம். அடியில் மூடாக்கு (மண்ணை மூடப் பரப்பிய வைக்கோல், சருகு போன்றவை) இருந்தால் ஒதுக்கிவிட்டு மண்ணை நனைத்து வையுங்கள். ஈரமான வெற்றுமண் பகலில் கூடுதல் வெப்பத்தைச் சேமித்து இரவில் மெல்ல வெளிவிடும். கவாத்து, அதாவது கிளை வெட்டுதல், இன்னும் செய்யவில்லை என்றால் சில வாரம் தள்ளிப்போடுங்கள், எத்தனை மொட்டுகள் தப்பின என்று பார்த்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.